ஒன்பது நிமிட மூப்பு

நெற்றியின் இடது பக்கம் சிவந்து, அதில் ஊசியால் வரிசையாகக் குத்தியதுபோலப் புள்ளிகள் எழும்பியிருக்க, நான்கு சுவரிலும் கண்ணாடி மாட்டிய சொந்தக் கடைக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் பெரியவர் தெருமுனையில் கால் மணி நேரம் நின்றார்.

கையில் குடை இருந்தது. லேசர் வைத்த இடத்தில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விரித்தே பிடித்து வந்தார். மேகம் மூடிய நாளில் விரித்த குடையோடு நடக்கும் மனிதரைத் தெருவே திரும்பிப் பார்த்தது. மடக்கினால் கடையே பார்க்கும். இன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்று மனைவி காலையில் சொன்னாள். ஆனால் கல்லாவில் உட்கார்ந்த முப்பத்தெட்டு வருடத்தில் காரணமில்லாமல் ஒரு நாளும் கடைக்கு வராமல் இருந்ததில்லை என்பது பெரியவரின் பெருமைகளில் ஒன்று. குடையை மடக்கி, முதுகை நிமிர்த்தி, உள்ளே போனார்.

பெரியவர் என்றால் வயதில் பெரியவர் என்று சொல்ல முடியாது. ஒன்பது நிமிடத்தில் பெரியவர். அவரும் சின்னவரும் இரட்டையர். அதே மூக்கு, அதே மீசை, உச்சியில் ஒரே அளவில் விழுந்த அதே வழுக்கை. ஒரே துணியில் இருவருக்கும் சட்டை தைப்பது என்று அவர்களுடைய அப்பா போட்ட சட்டம், அப்பா போய் இருபது வருடம் ஆகியும் நடப்பில் இருந்தது. பெரியவரின் இடது புருவத்துக்கு மேலே பிறைபோல ஒரு தழும்பு. வித்தியாசம் அது ஒன்றுதான்.

பிரசவத்தின்போது ஆயுதம் போட்டு இழுத்ததில் பட்ட காயம் அது. அன்று வெளியூரில் சரக்கு எடுக்கப் போயிருந்த அப்பா, மறுநாள் வந்து இரண்டு தொட்டிலையும் பார்த்தார். ஒன்றின் நெற்றியில் கட்டு. “முன்னால வந்தவனுக்குத்தான் அடி படும். இவன்தான் பெரியவன்” என்றார். அவர் சொன்னதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் முதல் பெயர் பெரியவருடையது. கைவைத்த நாற்காலி, கடைச் சாவி, முதல் கல்யாணம், முதல் கையெழுத்து எல்லாம் அவருடையது. அவர் மனைவி மூத்த மருமகள். அவர் பிள்ளைகளுக்கு மற்றவர் சித்தப்பா. மற்றவர் பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா. இத்தனை உறவுமுறையும் மூன்றரை சென்டிமீட்டர் தழும்பின் மேல் நிற்கிறது என்று பெரியவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தன்னுடைய நிமிர்ந்த முதுகின் மேல் நிற்பதாக நினைத்திருந்தார்.

அந்தத் தழும்பை அவர் ஏன் தொடப்போனார் என்றால், மகளுக்கு வந்த சம்பந்தம்தான் காரணம். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். நல்ல குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போன மூன்றாம் நாள், நடுவில் நின்று பேசிய தரகர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கேட்கச் சொன்னாராம், பெண்ணின் அப்பாவுக்கு நெற்றியில் வெட்டுத் தழும்பு இருக்கிறதே, இளம் வயதில் ஏதாவது அடிதடியா என்று.

பெரியவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

“எங்க வீட்டுல கைநீட்டி அடிச்சவனும் கிடையாது, கைநீட்டி வாங்கினவனும் கிடையாது” என்று மனைவியிடம் சொன்னார். அவள் அதை அவர்களிடமே சொல்லிவிடலாமே என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்வது கேள்வியை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்றார். அடுத்த வாரமே தோல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தழும்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, விவரமாகச் சொன்னாள். லேசர் ஒளி தழும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகளைப் போடும். அந்தத் துளைகளை ஆற்றும்போது உடம்பு புதுத் தோலை நிரப்பும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை. மாநிறத் தோலிலும் அதைவிடக் கறுப்பான தோலிலும் சிலருக்குக் கருமை படியலாம் என்பதால் முதலில் ஓரத்தில் ஒரு துளி இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

“சுத்தமா அழிச்சிடுவீங்களா?”

“அழிக்க முடியாது ஐயா. மங்க வைக்கலாம். தேடிப் பார்த்தாத்தான் தெரியும்.”

“போதும். தேடிப் பார்க்கிறவங்க எங்க வீட்டுக்கு வரமாட்டாங்க.”

“அறுபத்திரண்டு வருஷமா இருந்திருக்கு. இப்ப என்ன திடீர்னு?”

“முகத்துக்காக இல்லம்மா. மானத்துக்காக.”

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணுக்கு உலோக மூடி வைத்தார்கள். படுக்கையில் தளர்ந்து படுக்கச் சொன்ன நர்ஸிடம் தனக்கு அப்படிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு, பெரியவர் பலகைபோலப் படுத்தார். படபடவென்று ஒரு சத்தம், முடி பொசுங்கின வாசனை, பத்து நிமிடம். அவ்வளவுதான்.

இந்த விஷயம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. அதற்கும் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு சின்னவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றபோது, முகத்தை மாற்றிக்கொள்ளும் ஆண்பிள்ளை நம் வீட்டில் கிடையாது என்று பெரியவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சின்னவர் ஒரு வாரம் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தவர் வைரம். கண்ணாடி அறுப்பவர். அறுக்கும் கருவியின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் என்ன என்று கேட்டார்.

“ஒரு வீட்டுல அளவு எடுக்கப் போனேன். பழைய கண்ணாடி, தொட்டதும் நொறுங்கித் தூள் தெறிச்சிடுச்சு.”

வைரத்தின் முகம் சுருங்கியது. இருபத்தாறு வருடமாக அளவு எடுக்கப் போவது அவர்தான். தன் அளவில் என்ன குறை கண்டார்கள் என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டே கண்ணாடி அறுத்தார். சின்னவர் பதறிப்போய், தலையைக் குனிந்தபடியே வெளியே ஓடி, கண்ணை மூடிக் காக்கும் பெரிய கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். இனி அண்ணன் கடையில் இருக்கும் நேரமெல்லாம் அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பெரியவர் நீச்சலுக்குப் புறப்பட்டவர்போலக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

ஆறு வாரம் கழித்து இரண்டாம் முறை. மறுபடியும் சிவப்பு. கண்ணாடித் தூளைக் காரணம் சொல்ல வழியில்லாததால், படச் சட்டத்துக்குப் பூசும் வார்னிஷ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சின்னவர் இருந்த வார்னிஷை எல்லாம் பக்கத்துத் தச்சருக்குக் கொடுத்துவிட்டார். பூச்சில்லாத சட்டங்களை வாடிக்கையாளர்கள் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை, கடைக்குள் வரும்போது நிலைப்படியில் முட்டிக்கொண்டதாகச் சொன்னார். மறுநாள் நிலைப்படியின் மேற்கட்டைக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது. நான்காம் முறைக்கு என்ன சொல்வது என்று யோசித்து, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். கேட்கக்கூடாத விஷயம் போலிருக்கிறது என்று மற்றவர்களும் இருந்துவிட்டார்கள்.

சிவப்பு அடங்கியது. பொருக்கு உதிர்ந்தது. தழும்பு, டாக்டர் சொன்னதுபோல, தேடினால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்தது. கண்ணைக் காக்கும் கண்ணாடியைக் கழற்றி மேசைக்குள் போட்டுவிட்டு, பெரியவர் கடைச் சுவரில் மாட்டியிருந்த பதினேழு கண்ணாடிகளிலும் தன்னைப் பார்த்துக்கொண்டார். பதினேழிலும் மரியாதையாக இருந்தார்.

அந்த வாரம்தான் தொல்லை ஆரம்பித்தது.

சாயங்காலம் கடை மூடும் நேரம். வைரம் பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சின்னவரிடம் நீட்டினார். சின்னவர் தலைகுனிந்தபடியே வாங்கி, அண்ணனிடம் கொடுத்தார். பெரியவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் மதியம், அவர் தனியாக நின்று சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது வைரம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அவர் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிடறேன். நீங்கதான் உங்க அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்லணும்.”

“என்னன்னு?”

“வார்னிஷ் இல்லாம எப்படிங்க தொழில் பண்றது? அவருக்கு ஒண்ணு ஒத்துக்கலைன்னா ஊருக்கே ஒத்துக்காதா? நாலு மாசமா அவரு நெத்திக்குத்தான் இந்தக் கடையே நடக்குது. நீங்க வாயைத் திறக்கமாட்டீங்க. நல்ல மனுஷன்னா இவ்வளவு நல்ல மனுஷனா இருக்கக் கூடாதுங்க.”

தான்தான் அந்த அண்ணன் என்று பெரியவர் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் அவமானம். சொல்லிப் பார்க்கிறேன் என்று தன்னைப் பற்றித் தானே வாக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மறுநாள் கடையில் வார்னிஷ் வந்து இறங்கியது. சின்னவர் பேசிச் சாதித்துவிட்டார் என்று வைரம் எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்தடுத்து நடந்தது. வாடிக்கையாளர்கள் சின்னவரிடம் முதலில் வணக்கம் சொன்னார்கள். தம்பி பிள்ளைகள் பெரியவரைப் பார்த்து “அப்பா” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “பெரியப்பா” என்று முடித்தார்கள். வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர் ஒருநாள் அவர் தோளில் கை போட்டார். அறுபத்திரண்டு வருடத்தில் பெரியவரின் தோளில் விழுந்த முதல் கை அது.

தழும்பை வரைந்துகொள்வது என்று முடிவுசெய்தார்.

மனைவியின் புருவ மையை எடுத்துக்கொண்டார். தழும்பு சரியாக எந்த வளைவில் இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை. பழைய புகைப்படம் ஒன்றைக் கண்ணாடியின் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். வாழ்நாள் முழுக்கப் படத்தையும் கண்ணாடியையும் விற்றவர், படத்தில் வலது ஓரமாகத் தெரிந்த தழும்பைக் கண்ணாடியிலும் வலது ஓரமாகவே வரைந்தார். வேலை சுத்தமாக இருந்தது. அப்படியே கடைக்குப் போனார்.

வைரம் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அவரைப் பார்த்து, மரியாதையாக எழுந்தார். திரும்பி நேரில் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சின்னவரின் காதருகில் போனார்.

“கண்ணாடியில பார்த்தா பெரியவர்தாங்க. நேர்ல பார்த்தா யாருன்னு தெரியலை.”

சின்னவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணனை முகத்துக்கு நேராகப் பார்ப்பதில்லை என்பது அவர் சின்ன வயதிலிருந்தே வைத்திருந்த மரியாதை. பெரியவர் கைக்குட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கழுவினார். கழுவும்போதே வேறு வழி தோன்றியது. கல்லாவில் ஒருவர்தானே உட்கார்ந்திருக்க முடியும்? உட்கார்ந்திருப்பவர் பெரியவர். அதற்கு மேல் தழும்பு எதற்கு?

தம்பியைக் கூப்பிட்டு, இனி நீ முன்பக்கம் வராதே, பின்னால் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள் என்றார். ஏன் என்று சின்னவர் கேட்கவில்லை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை வண்டியில் ஏற்றும்போது பிடி நழுவியது. கண்ணாடி தப்பியது. சட்டத்தின் மூலை சின்னவரின் நெற்றியில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று தையல். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள்.

இடது புருவத்துக்கு மேலே, பிறைபோல.

தன் பேச்சைக் கேட்டுப் போனதால்தான் தம்பிக்கு அடி என்பது பெரியவர் மனத்தை அறுத்தது. இரண்டு வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, நீ கல்லாவில் உட்கார், பின்பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உத்தரவு போட்டார். அது அன்பில் போட்ட உத்தரவு. அதன் விளைவாக, தழும்போடு ஒருவர் கல்லாவில் இருந்தார்; தழும்பில்லாத ஒருவர் பின்னால் சட்டம் தூக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குக் குழப்பம் தீர்ந்தது. பெரியவருக்கு நெற்றியில் என்னவோ ஆகியிருந்ததே, இப்போது பழையபடி ஆகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகச் சாவியைச் சின்னவரிடம் கொடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி கடைக்கு வந்தார்.

பெரியவர் பின்கட்டில் இருந்தார். கதவிடுக்கு வழியாகக் குரல் மட்டும் கேட்டது. சர்வேயர் வந்த விஷயம் சுருக்கமானது. வீட்டில் தழும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மனதில் எதையும் வைத்துக்கொண்டு சம்பந்தம் பேசுவது தனக்குப் பிடிக்காது, அதனால் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார். சின்னவர் உள்ளதைச் சொன்னார், கண்ணாடி ஏற்றும்போது பட்டது என்று.

“இதைச் சொல்றதுக்கென்னங்க இவ்வளவு நாளா? உழைச்சு வந்த தழும்பு. அதைப்போய் மறைப்பாங்களா? ஞாயித்துக்கிழமை வர்றோம். தேதியை வெச்சு எழுதிடுவோம். எனக்கு எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும். ரெண்டு வீட்டு மூத்தவங்களும் கையெழுத்துப் போடணும். நீங்களும் நானும்.”

“நான் இல்லைங்க. நான் சின்னவன். அண்ணன் உள்ளே இருக்காரு.”

“பெரிய மனுஷங்க இப்படித்தான் சொல்வாங்க” என்று சர்வேயர் சிரித்துவிட்டுப் போனார்.

நான்கு முறை நெற்றியைப் பொசுக்கிக்கொள்ள வைத்த கேள்விக்குத் தம்பி ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டதைக் கேட்டபடி பெரியவர் சட்டக் குவியலின் நடுவே நின்றார். சின்னவர் உள்ளே வந்தார். பெரிய தவறு நடந்துவிட்டது, சம்பந்தி ஆளை மாற்றிப் புரிந்துகொண்டுவிட்டார், அண்ணன் தன் தழும்பைக் காட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணா, உங்க தழும்பு எங்க?”

பெரியவர் சொன்னார். மரத்துப்போகும் களிம்பிலிருந்து புருவ மை வரை, ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, தலைச்சாயத்தைப் பற்றித் தம்பி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தார்.

“வலிச்சுதா?” என்று மட்டும் கேட்டார் சின்னவர்.

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவர் அதோடு நிற்கவில்லை. தன் தழும்பையும் எடுத்துவிடுகிறேன், இரண்டு பேருக்கும் இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்றார். மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். உள்ளே நுழைந்த இருவரையும் பார்த்து டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

புதுக்காயம், இன்னும் ஆறவே இல்லை, சில வாரமாவது பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகும் நான்கு முறை வரவேண்டியிருக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று பெரியவர் கேட்டதை அவள் வேடிக்கை என்று நினைத்தாள். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் வருத்தப்பட்டாள்.

“அப்படின்னா ஒரு சர்டிபிகேட் குடுங்க. எனக்குத் தழும்பு இருந்துச்சுன்னு.”

“போயிடுச்சுன்னு எழுதிக் கேட்பாங்க. இருந்துச்சுன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் ஐயா.”

ஆனாலும் எழுதினாள். இடது புருவத்துக்கு மேல், மூன்றரை சென்டிமீட்டர், பிறை வடிவம், பிறப்பின்போது ஆயுதத்தால் ஏற்பட்டது என்று நோயாளி கூறினார். சிகிச்சைக்கு முன் எடுத்த படம் ஒன்றையும் பெரிதாக அச்செடுத்து இணைத்தாள். பெரியவர் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போடலாமா என்று யோசித்து, உறையிலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் கைவைத்த நாற்காலி சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. பெண் வீட்டார் தரப்பில் எல்லோரிலும் மூத்தவர் என்று அத்தையை அழைத்திருந்தார்கள். அப்பாவின் தங்கை. இரட்டையர் பிறந்த மறுமாதமே கல்யாணமாகிக் கடல் கடந்து போனவர். போன மாதம்தான் மகனோடு இந்த ஊருக்குக் குடிவந்தார். வயது எண்பத்து நான்கு. காது மந்தம், மற்றதெல்லாம் கெட்டி. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் வந்தார். மனைவி, மகனோடு வந்தார். வந்ததும் சின்னவரின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தார். சின்னவர் நெருப்பில் உட்கார்ந்தவர்போல எழுந்தார். சர்வேயர் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்தார். கல்யாணத் தேதி, இடம், இரு குடும்பத்தின் மூத்தவர்கள் ஒப்புதல். கோடு போட்டு, ஓரம் விட்டு, நிலப்பத்திரம் மாதிரி எழுதியிருந்தார். பேனாவைச் சின்னவரிடம் நீட்டினார்.

“அண்ணன் இருக்கும்போது நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார் சின்னவர், அழுதுவிடுவார் போல.

சர்வேயர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மெதுவாக மறைந்தது.

“அன்னைக்குப் பெண் பார்க்க வந்தப்போ தழும்பு இருந்தவர்தான் மூத்தவர்னு சொன்னீங்க. இவருக்குத்தான் தழும்பு இருக்கு. இப்ப இவர் இல்லைங்கறீங்க. நாப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். எல்லைக்கல் எதுன்னு தெரியாத இடத்துல கையெழுத்துப் போட்டதே இல்லை. யார் மூத்தவர்னே தெளிவா இல்லாத வீட்டுல எப்படிங்க பொண்ணெடுக்கிறது? இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.”

தாளை மடிக்க ஆரம்பித்தார். உள்ளறை வாசலில் நின்ற மகள் திரைச்சீலையைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்து நின்றார். முதுகை வழக்கத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலாக நிமிர்த்தினார்.

“உட்காருங்க. நான் சொல்றேன்.”

சபை நடுவே, வீட்டுப் பெண்கள் முன்னால், மாப்பிள்ளை முன்னால், தான் லேசர் வைத்துக்கொண்டதைச் சொன்னார். ஏன் வைத்துக்கொண்டார் என்பதைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எந்தெந்தத் தேதியில் எதற்கு எந்தப் பொய் சொன்னார் என்பதையும் சொன்னார். சின்னவரின் மனைவி வாயைப் புடவை முனையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கடைசியில் உறையைத் திறந்து சர்டிபிகேட்டையும் படத்தையும் சர்வேயரின் கையில் கொடுத்தார்.

“தழும்பு என்னோடது. பிறந்த அன்னைக்கே வந்தது. எங்கப்பா தொட்டிலைப் பார்த்து, தழும்பு இருக்கிறவன்தான் மூத்தவன்னு சொன்னாரு. எங்க வீட்டுல அதுக்கு மேல பேச்சு கிடையாது. மூத்தவன் நான்தான்.”

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்துப் பெரியவரின் நெற்றிக்குப் பக்கத்தில் வைத்தார். தேடினார். கிடைத்தது. மங்கலாக ஒரு பிறை.

“மூணரை. சரியா இருக்கு.”

எல்லோரும் மூச்சு விட்டார்கள். சர்வேயர் தன் அவசரத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பெண்ணின் கல்யாணத்துக்காகச் சபையில் இவ்வளவையும் ஒப்புக்கொண்ட மனிதரோடு சம்பந்தம் செய்வது தனக்குப் பெருமை என்றார். அவர் மனைவி எழுந்து வந்து பெரியவரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னவர் துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்து அண்ணனுக்கு விட்டார். பெரியவர் உட்கார்ந்தார். சில வாரமாகக் காணாமல்போயிருந்த இடம் முதுகுக்குக் கீழே மறுபடி வந்து சேர்ந்ததுபோல இருந்தது. பேனாவை வாங்கி, “குடும்பத்தின் மூத்தவர்” என்று எழுதியிருந்த கோட்டின் மேல், சபை பார்க்க, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

தாள் கைமாறி எல்லோரும் பார்த்தார்கள். படமும் கூடவே சுற்றி வந்தது. அத்தையிடம் வந்ததும், அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, இது என்ன, எதற்கு இவ்வளவு பேச்சு என்று கையால் கேட்டார்.

சின்னவர் பக்கத்தில் மண்டியிட்டு, காதில் உரக்கச் சொன்னார்.

“அண்ணன் பிறந்தப்போ ஆயுதம் போட்ட தழும்பு அத்தை. இதை வெச்சுத்தான் அண்ணன் மூத்தவர்னு இன்னைக்கு நிரூபணம் ஆச்சு.”

அத்தை படத்தைப் பார்த்தார். கைவைத்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மண்டியிட்டிருந்த சின்னவரின் தலையில் கையை வைத்து, நாற்காலியில் இருந்தவரிடம் சொன்னார்.

“நான்தானேடா அன்னைக்குப் பிரசவ அறையில உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், முதல்ல இதோ இவன் சத்தமில்லாம தானா வந்துட்டான், ஒன்பது நிமிஷம் வரவே மாட்டேன்னு அடம்பிடிச்ச உன்னைத்தான் ஆயுதம் போட்டு இழுத்தாங்க.”